அப்பாவின் கால், என் கால்

அப்பாவுக்கு இடது கால் ஓர் அங்குலம் குட்டை. செங்குன்றத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், 1981-க்குப் பிறகு மூட்டையைத் தொடவில்லை. மில் வாசலில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள், பாதிக் கூலிக்கு. அந்தப் பாதிக் கூலியில்தான் நாங்கள் மூன்று பேர் படித்தோம், அதாவது படித்தவரைக்கும் படித்தோம். மூலக்கடையில் செருப்புத் தைப்பவர் ஒருவர், இடது செருப்புக்கு மட்டும் அடியில் டயர் ரப்பரை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுப்பார். வெளியே போனால் அந்தச் செருப்பு அவர் நடையைக் கொஞ்சம் மறைக்கும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும்போது மறைக்க ஒன்றும் கிடையாது.

எனக்கு வலது தொடை எலும்பு உடைந்தது 2022-ல். ஐம்பதைத் தாண்டியிருந்தேன், சர்க்கரையும் இருந்தது. இன்றைக்கு என் இரண்டு காலும் ஒரே அளவு. ஏறக்குறைய ஒரே இடத்தில் உடைந்த எலும்புகள்தான். சொல்லப்போனால், எழுபத்தைந்து கிலோ மூட்டையைச் சுமந்து சுமந்து உரமேறிய அவருடைய எலும்பு என்னுடையதைவிட உறுதியாகத்தான் இருந்திருக்கும். அவர் கடைசிவரை சாய்ந்து நடந்ததற்கும் நான் நேராக நடப்பதற்கும் நடுவில் என்னென்ன மாறியது என்று எழுதிவைக்க வேண்டும் என ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தோன்றியது.

எங்கள் ஊரான புழல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜெயில் ஞாபகம் வருகிறது. பார்க் டவுனில் இருந்த பழைய மத்திய சிறையை மூடி 2006-ல் இங்கே கொண்டுவந்தார்கள். அதிலிருந்து எங்கள் ஊர் சினிமா வசனத்தில் ஏறிவிட்டது. கோடையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் பேப்பர்க்காரர்களுக்கு ஏரி ஞாபகம் வருகிறது. இங்கே குடியிருப்பவர்களுக்குப் புழல் என்றால் ஜி.என்.டி. ரோடு. மாதவரம் ரவுண்டானா, காவாங்கரை, செங்குன்றம் என்று போய்க் கல்கத்தாவில் முடிகிற ரோடு. செங்குன்றத்து அரிசி, மணலியின் டேங்கர், துறைமுகத்துக் கன்டெய்னர் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. இவற்றின் சக்கரங்களுக்குப் பக்கத்தில், ஹேண்டில்பாரில் டிபன் பையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிற நாங்களும் ஓடுகிறோம். இந்தப் பக்கத்தில் கால் உடைந்தவர் ஒருவர்கூட இல்லாத தெரு இருக்கிறதென்றால், அது நேற்றுப் போட்ட லே-அவுட்டாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அடிபட்டது ரோட்டில் அல்ல. மில் குடோனில் அடுக்கின் கீழே ஈரம் பட்ட மூட்டையை யாரோ உருவப்போய், மேல் அடுக்கு அப்படியே சரிந்து அவர் மேல் விழுந்தது. மூட்டைகளை விலக்கிப் பார்த்தபோது முழங்கால் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்ததாம். ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. அதனால் பெரிய அடி இல்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அவரை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு அல்ல, கட்டுப் போடுகிற இடத்துக்கு.

இதில் யாரையும் குறைசொல்ல வரவில்லை. வடசென்னையில் அன்றைக்கு எலும்பு உடைந்தால் கட்டு, அதுவும் புத்தூர்க் கட்டு. இன்றைக்கும் பலருக்கு அதுதான். ஆந்திரத்துப் புத்தூர் எங்களுக்குத் தூரம் இல்லை. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாக பஸ்ஸில் போய்க் கட்டிக்கொண்டு அன்றைக்கே திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். போக முடியாதவர்களுக்காக அந்தப் பெயரில் பலகை மாட்டிய இடங்கள் இங்கேயே முளைத்திருந்தன. அப்பா போனது அப்படி ஓர் இடம். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் பாதத்தைப் பிடித்து இழுத்தார். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் பூசி, மூங்கில் சிம்பு வைத்து, இடுப்பிலிருந்து முழங்கால்வரை துணி சுற்றினார்கள். ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னார்கள். அம்மா பிரண்டைத் துவையலும் சேர்த்துக் கொடுத்தாள்.

கட்டுக்காரர்கள் கையில் வித்தை இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். என் தங்கை மணிக்கட்டு அவர்கள் கையில்தான் சரியானது. ஆனால் தொடை வேறு. உடம்பிலேயே பெரிய சதைகள் தொடையைச் சுற்றித்தான் இருக்கின்றன. எலும்பு முழுசாக இருக்கும்வரை அந்தச் சதையின் இழுப்பை அது தாங்கி நிற்கிறது. நடுவில் உடைந்த நிமிஷமே சதை இழுக்க ஆரம்பித்துவிடும். கீழ்த் துண்டு மேலேறி, மேல் துண்டோடு பக்கம் பக்கமாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். வெளியே எத்தனை இறுக்கிக் கட்டினாலும் கட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் கனமாகச் சதை இருக்கிறது. நெல் மூட்டைக்கு நடுவில் செருகிய கழி உடைந்தால், சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி அந்தக் கழியை நேராக்க முடியுமா? இதை அப்பாவே பிற்காலத்தில் சொல்லுவார். அவருக்கு மூட்டை தெரியும்.

மூன்று வாரத்துக்கு மேல் வீட்டில் கிடந்தார். தெருவில் ஒரு அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்துவந்தார். ஒருநாள் வந்து இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கால் ஒண்ணு மேல ஏறிக்கினு இருக்குது. கஞ்சித்தொட்டிக்கு இட்டுக்கினு போ" என்று அம்மாவிடம் சொன்னார்.

கஞ்சித்தொட்டி என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் அது. பின்னாளில் ஆஸ்பத்திரியாகி, ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயரை வாங்கிக்கொண்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கவர்னரைக் கண்டுகொள்ளாமல் கஞ்சியையே நினைவு வைத்திருந்தார்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் திட்டவில்லை என்று அம்மா ஆச்சரியமாகச் சொல்லுவாள். எலும்பு தப்பான நிலையில் ஒட்ட ஆரம்பித்திருந்தது, ஆனால் இன்னும் இறுகவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் குறுக்காக ஓட்டை போட்டு ஒரு கம்பியைச் செருகினார்கள். கம்பியின் இரு முனையிலும் ஒரு வளைவு, வளைவிலிருந்து கயிறு, கயிறு கட்டில் காலடியில் உருளைமேல் போய்க் கீழே எடைக்கல்லோடு தொங்கியது. எடை இழுக்கும்போது ஆளும் சேர்ந்து கீழே நழுவாமலிருக்கக் கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ்வாகவும் கால் உயரமாகவும் அப்பா படுத்திருந்த அந்தக் கட்டில்தான் என் சின்ன வயது ஸ்டான்லி. அம்மாவோடு பல்லவன் பஸ்ஸில் மின்ட்டில் இறங்கி, தூக்குச் சட்டியோடு நடந்து போவோம். நான் எடைக்கல்லைத் தொட்டுவிடக் கூடாது என்பதில் வார்டே கவனமாக இருக்கும். ஒரு முறை தொட்டேன். அப்பா கத்திய கத்தலில் சிஸ்டர் ஓடிவந்தார்.

அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் காசிமேட்டு விசைப்படகில் வலைக் கயிறு சுற்றிக் கால் உடைந்த ஒருவர், எதிரே திருவொற்றியூர் ஃபேக்டரியில் இரும்பு விழுந்த ஒருவர். எல்லாருக்கும் அதே கயிறு, அதே உருளை. எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர். 1959-ல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடக மேடையில் குண்டுமணியைத் தூக்கும்போது அவர் கால் உடைந்ததை வார்டில் தினமும் யாராவது சொல்லிக்கொள்வார்கள். "தலிவர் காலே ஒடஞ்சிது. அதுக்கப்பறம் எத்தினி சண்ட போட்டாரு!" என்று காசிமேட்டுக்காரர் அப்பாவைத் தேற்றுவார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். தலைவர் மூட்டை தூக்கிப் பிழைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே தொடைக்குள் கம்பி போடுவது தெரிந்த வித்தைதான். ஆனால் அன்றைய கம்பி எலும்பின் உள் துளையில் வெறுமனே நின்றது. நடுத் தொடையில் இரண்டு துண்டாக நறுக்கென்று உடைந்த எலும்புக்கு அது போதும். அப்பாவுடையது பல துண்டு. அதில் வெறும் கம்பி செருகினால் துண்டுகள் கம்பிமேலேயே சரிந்து இறங்கிவிடும், கால் திருகவும் செய்யும். ஆகவே எடை, கயிறு, மாதக்கணக்கில் படுக்கை. இழுத்து இழுத்து, குறைந்துபோன நீளத்தில் பெரும்பகுதியை மீட்டார்கள். மீளாமல் நின்றதுதான் அந்த ஓர் அங்குலம். எலும்பு ஒட்டியபோது முழங்கால் மடங்க மறுத்தது. அத்தனை மாதம் அசையாமல் கிடந்த மூட்டு வேறென்ன செய்யும்? கீழே சம்மணம் போட்டுச் சாப்பிட்ட மனிதர், அதற்குப் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

பின்னாளில் படித்ததில் எனக்குப் பிடித்துப்போன ஆள் ஹ்யூ ஓவன் தாமஸ். தொடை எலும்பு முறிந்தவர் காலில் மாட்டுகிற இரும்புச் சட்டத்துக்கு 'தாமஸ் ஸ்பிளின்ட்' என்று பெயர். அப்பாவை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனபோதும் அதைத்தான் மாட்டியிருந்தார்கள். இடுப்படியில் ஒரு வளையம், இருபுறமும் நீண்ட கம்பி, பாதத்துக்குக் கீழே இழுத்துக் கட்ட ஒரு முனை, அவ்வளவுதான். இந்தத் தாமஸ் பரம்பரைக் கட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. வேல்ஸ் நாட்டு ஆங்கில்ஸி தீவிலிருந்து வந்த எலும்பு கட்டும் குடும்பம் அது. அப்பா ஈவன் தாமஸ் லிவர்பூல் துறைமுகத்தில் கட்டுப் போட்டுப் பிழைத்தவர். டாக்டர்கள் அவர்மேல் வழக்குமேல் வழக்காகப் போட்டார்கள். மனிதர் சலித்துப்போய்ப் பிள்ளைகளை எல்லாம் டாக்டருக்கே படிக்கவைத்துவிட்டார். ஹ்யூ, டாக்டர் பட்டத்தோடு அதே துறைமுகக் கூலிகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். 1891-ல் செத்துப்போனார். அவருடைய சட்டத்தை அதுவரை பெரிய டாக்டர்கள் அதிகம் மதிக்கவில்லை.

மதிக்கவைத்தது முதல் உலகப் போர். அவரிடம் தொழில் கற்ற, மனைவி வழி உறவான ராபர்ட் ஜோன்ஸ் அந்தச் சட்டத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார். அதற்குமுன் குண்டு பட்டுத் தொடை எலும்பு உடைந்த சிப்பாய்களில் ஐந்தில் நான்கு பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். அடிபட்ட இடத்திலேயே காலை இழுத்துச் சட்டத்தில் கட்டி, அப்புறம் தூக்கிப் போனார்கள். சாவு ஐந்தில் ஒன்றாக இறங்கியது. சட்டம் மாட்ட மருந்து தேவைப்படவில்லை, ஆபரேஷன் தேவைப்படவில்லை. உடைந்த எலும்பு அசைந்தால் உள்ளே ரத்தம் கொட்டும், அசையாவிட்டால் கொட்டுவது குறையும். அசையாமல் வைக்கிற அந்தச் சட்டத்தைத் துறைமுகத்துக் கட்டுக்காரர் மகன் கண்டுபிடித்திருந்தார். எனவே கட்டையும் ஆஸ்பத்திரியையும் ஜென்மப் பகை என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. கட்டுக்காரர் மகன் காலத்தோடு நடந்துபோனார், எங்கள் ஊர்ப் பலகைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. என் வருத்தம் அதுதான்.

இனி என் கதை. மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டில் செக்கர் வேலை, கான்ட்ராக்டர் மூலமாக. பெட்டி உள்ளே வந்தால் நம்பரும் சீலும் சரிபார்த்து எழுத வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து விடியும் நேரத்தில் டூவீலரில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன டிரெய்லர் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது. பின் சக்கரம் தொடவில்லை, நடுவில் தொங்கிய இரும்புத் தடுப்பு தொடையில் அடித்தது. வண்டி நிற்காமல் போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு எழுந்தது, வலது கால் வரவில்லை. ஷூவின் நுனி நடைபாதையைப் பார்த்துக் கிடந்தது. பேன்ட்டில் ரத்தம் இல்லை. அப்பாவுக்கும் ரத்தம் வரவில்லை என்பது ஞாபகம் வந்ததும் வயிறு கலங்கியது.

கூட்டம் கூடியது. நம் ஜனங்கள் நல்லவர்கள். அதுதான் ஆபத்து. ஒருவர் கக்கத்தில் கை கொடுத்தார், ஒருவர் காலைத் தூக்கப் போனார், ஷேர் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. அந்த ஷேர் ஆட்டோவுக்குள் முழங்காலை மடக்காமல் யாரும் படுக்க முடியாது. பெயின்ட் அடிக்கிற வேலைக்குக் கிளம்பிய ஒரு பையன், கையில் பிரஷ் வாளி, காவாங்கரை இலங்கை அகதிகள் முகாம்காரன், கூட்டத்தை விலக்கினான். "தூக்காதேங்கோ! கால அப்பிடியே விடுங்கோ. அண்ணை, நீங்க அசையாமக் கிடவுங்கோ, நான் நூற்றியெட்டுக்கு அடிச்சிட்டன்" என்றான். சாரம் பலகை ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து காலுக்கு வெளியே வைத்து, தன் துண்டாலும் இன்னொருவர் துண்டாலும் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினான். அவனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. போர் நடந்த ஊரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்லாமலே தெரிந்திருக்கும்போல.

108 வண்டியில் அந்தப் பலகையை எடுத்துவிட்டு முறையான ஸ்பிளின்ட் மாட்டினார்கள், சலைன் ஏற்றினார்கள். ஸ்டான்லியில் இறக்கியதும் கையில் ஒரு வண்ணப் பட்டை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். அப்பா காலத்தில் முதலில் வந்தவருக்கு முதலில். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் என்ட்ரி போட்டார்கள். இன்ஷூரன்ஸ் கார்டு, ரேஷன் கார்டு என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை.

டியூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டர் என் தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தார். "ஐயா, வெளிய ரத்தம் வரலைன்னு நெனைக்காதீங்க. இந்தத் தொடைக்குள்ளயே ஒரு லிட்டருக்கு மேல நிக்கும்" என்றார். ஒரு தொடை எலும்பு உடைந்தால் ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் சதைக்குள்ளேயே தேங்கிவிடும் என்பதும், எலும்புக்குள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலைப் போய் அடைக்கலாம் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அதற்காகத்தான் விரலில் கிளிப் மாட்டி, மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி, "கால்தானே ஒடஞ்சிது, ஏன் நெஞ்சப் பாக்கறாங்க?" என்று பயந்துபோனாள்.

அன்றைக்கே முன்னெலும்பில் மரப்பு ஊசி போட்டு, குறுக்காக ஒரு கம்பி செருகி, எடை தொங்கவிட்டார்கள். அதே கயிறு, அதே உருளை. அப்பாவுக்கு அதுவே வைத்தியமாக இருந்தது. எனக்கு ஆபரேஷன்வரை எலும்பை ஓட விடாமல் பிடித்துவைக்கிற ஏற்பாடு.

சர்க்கரை, ஈ.சி.ஜி., ரத்தம் இரண்டு யூனிட், மயக்க மருந்து டாக்டரின் ஃபிட்னஸ் எல்லாம் முடிந்ததும் தியேட்டர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள், ஆகவே நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மேஜையில் பாதி உடம்புக்குத்தான் பலகை. கால்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாதத்தை ஒரு பூட்ஸில் மாட்டி, கைப்பிடியைத் திருகித் திருகிக் காலை இழுக்கிறார்கள். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷின் தொடையைச் சுற்றி வளைந்து நிற்க, டாக்டர்கள் ஈயக் கவசம் மாட்டியிருந்தார்கள். பக்கத்துத் திரையில் என் எலும்பு தெரிந்தது. பக்கம் பக்கமாகப் படுத்திருந்த இரண்டு துண்டும் கைப்பிடி திருகத் திருக ஒன்றைவிட்டு ஒன்று விலகி, முனைக்கு முனை வந்து நின்றன. அப்பாவுக்கு மாதக்கணக்கில் எடைக்கல் இழுத்தும் முழுசாக முடியாத வேலை.

இடுப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெட்டு. உடைந்த இடத்தைத் திறக்கவே இல்லை. தொடை எலும்பின் மேல்முனையில் ஓட்டை போட்டு, மெல்லிய கம்பி ஒன்றை எலும்பின் உள் துளை வழியாக முறிவைத் தாண்டி முழங்கால்வரை ஓட்டினார்கள். அந்தக் கம்பிமேல் ரீமரை ஏற்றித் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார்கள். வலி இல்லை. உடம்பு முழுக்க ஓர் அதிர்வு, மரப்பட்டறைச் சத்தம். அப்புறம் ராடு. சுண்டுவிரல் கனம், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். தொடையின் வளைவுக்கு ஏற்றபடி லேசாக வளைந்திருந்தது. அதைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் என் தலை மேஜையில் நகர்ந்தது. மயக்க மருந்து அம்மா, "சினிமாப் பாட்டு போடட்டுமா?" என்று கேட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். ராடின் இரு முனையிலும் குறுக்கே ஓட்டைகள் இருக்கின்றன. எலும்பின் ஒரு பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போட்டால் அது ராடின் ஓட்டை வழியாகப் போய் மறுபக்க எலும்பைப் பிடிக்க வேண்டும். மேல்முனையில் வழிகாட்டும் கருவி இருக்கிறது. முழங்கால் பக்கத்து ஓட்டை உள்ளே எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாது. திரையில் அந்த ஓட்டை முதலில் முட்டை வடிவத்தில் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் திருப்புங்க... போதும்... கொஞ்சம் பின்னால" என்று சொல்லிச் சொல்லி மெஷினை நகர்த்தினார்கள். முட்டை, மெல்ல மெல்லச் சரியான வட்டமானது. வட்டமாகத் தெரிந்தால் மெஷின் நேர்க்கோட்டில் பார்க்கிறது என்று அர்த்தம். அந்த வட்டத்தின் நடுவில் டிரில்லின் முனையை வைத்து, கையாலேயே பிடித்துத் துளைத்தார் அந்தப் பெரிய டாக்டர். தவறவில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்க்ரூ. எலும்பு இனிமேல் குறுகவும் முடியாது, திருகவும் முடியாது. அப்பா காலத்துக் கம்பியில் இல்லாமல்போனது இந்தப் பூட்டுதான்.

பூட்டில்லாத அந்தப் பழைய கம்பி ஜெர்மனியில் கீல் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தது. கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939 நவம்பரில் அதை முதன்முதலாக ஒரு மனிதனின் தொடைக்குள் அடித்தார். எலும்பு மஜ்ஜையை நாசம் பண்ணுகிறான் என்று கூட இருந்தவர்களே ஏசினார்கள். போர் நடந்துகொண்டிருந்ததால் வெளிநாட்டுக்கு விஷயம் தெரியவில்லை. ஜெர்மனியில் கைதியாக இருந்து ஊர் திரும்பிய எதிரி நாட்டுச் சிப்பாய்களின் தொடையை எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உள்ளே நீளமாக ஓர் இரும்பு நிற்பதை அவர்கள் டாக்டர்கள் பார்த்தார்கள். 1945-ல் 'டைம்' பத்திரிகை அதை அதிசயமாக எழுதியது. இரு முனையிலும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டுகிற ராடு 1970-களில் ஐரோப்பாவில் பரவியது. எங்கள் பக்கத்துக் கூலிக்காரர் தொடைவரை அது வந்துசேர இன்னும் பல வருஷம் பிடித்தது. அப்பா கொஞ்சம் முந்திக்கொண்டார்.

மறுநாளே உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த நாள் வாக்கர். பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண், ஈவு இரக்கம் கிடையாது. "மடக்குங்க. இன்னும். அழுதாலும் மடக்கணும்." முழங்காலை மடக்கச் சொல்லி அவள் படுத்திய பாட்டில் எனக்கு அப்பாவின் ஸ்டூல் ஞாபகம் வந்தது, மடக்கினேன். வார்டில் புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "ராடா, பிளேட்டா?" ராடு போட்டவர்களுக்குள் ஒரு கர்வம் உண்டு, அவர்கள் சீக்கிரம் நடப்பார்கள். வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வந்தது. குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தாராளமாக் குடிங்க. அதோட ரெண்டு முட்டையும் சாப்பிடுங்க, பீடி சிகரெட் இருந்தா நிறுத்துங்க, சுகர குறைங்க" என்றார். புகை எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

மூன்றாவது மாத எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புகைபோலப் புது எலும்பு தெரிந்தது. ஆறு மாதத்தில் கைத்தடியையும் விட்டேன். ராடை எடுக்க வேண்டியதில்லை, உங்கள் வயதுக்கு அது உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு ஒரு பைசா ஆகவில்லை. ஆனால் வேலை இல்லாத மாதங்களுக்கு வாடகை, கரண்ட் பில், பெண்ணின் காலேஜ் பீஸ்? அப்பாவுக்கு மில் முதலாளி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார், அது அவர் பெருந்தன்மை. அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தாள், பிறகு பாத்திரம் தேய்க்கப் போனாள், நான் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குச் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடந்த விபத்தையும் வேலையில் நடந்த விபத்தாகக் கணக்கில் எடுக்க 2010-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அப்படிக் கணக்கானால் வேலைக்குப் போக முடியாத நாள் முழுக்கச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் தர வேண்டும். சாதாரணக் காய்ச்சல், நோய் என்றால் 70 சதவீதம், அதுவும் 91 நாளைக்குத்தான். எங்கள் கான்ட்ராக்டர் முதலில் விபத்து அறிக்கையே அனுப்பவில்லை. "ரோட்ல விழுந்ததுக்கு நான் என்ன பண்றது?" என்றார். யார்டில் யூனியன் இல்லை. வேறு கம்பெனியில் யூனியன் பார்த்த ஒரு நண்பர், ஏ.ஆர். காப்பி, ஷிப்ட் ரிஜிஸ்டர் நகல், வீட்டிலிருந்து யார்டுக்கு நான் வழக்கமாக வரும் வழி எல்லாவற்றையும் சேர்த்து மனு எழுதிக்கொடுத்தார். அலைந்தது என் மனைவி. பணம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. பெண் காலேஜை விடவில்லை. என்னைக் கேட்டால், அப்பாவின் காலத்துக்கும் என் காலத்துக்குமான பெரிய வித்தியாசங்களில் ராடு இரண்டாவதுதான், இந்தப் பணம்தான் முதலாவது.

இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தொடையில் அடிபட்டு, கால் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் ரத்தம் வரவில்லையே என்று நினைத்துத் தூக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். பலகை வைத்து, நல்ல காலோடு சேர்த்துக் கட்டி, 108-க்குச் சொல்லுங்கள். 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் அரசே செலவு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு, காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு, வெளிமாநிலத்து லாரி டிரைவருக்கும் உண்டு. கட்டுப் போடுகிற இடத்துக்குத் தொடையைக் கொண்டுபோகாதீர்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்கள் ஈ.எஸ்.ஐ. நம்பர் உயிரோடு இருக்கிறதா, கான்ட்ராக்டர் பிடித்த பணத்தைக் கட்டுகிறாரா என்று கால் நன்றாக இருக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.